பழைய இசைக்குறியும் புதிய அச்சுக்கோப்பும்

இசை காற்றிலே பிறந்து காற்றிலே கரைவது. பாடியவர் மறைந்த பின்னரும் பாட்டு மறையாதிருக்கச் செய்வது எழுத்து. எந்த இனத்தவராயினும் தம் இசையை எழுதிவைக்க முற்பட்ட காலத்தில், ஒலியின் எந்தக் கூறு தமக்கு இன்றியமையாதது எனக் கருதினரோ அதற்கே முதற்கண் குறி வகுத்தனர். ஆகவே ஒரு காலத்து இசைக்குறி அக்காலத்தவரின் செவியினது வரலாறு என்று கூறுதல் மிகையாகாது. அக்குறியை மாற்றி எழுதுபவர், அறிந்தோ அறியாமலோ, அவ்வரலாற்றையும் மாற்றி எழுதுகின்றார்.

ஐரோப்பாவின் பழைய இசைச்சுவடிகள் இன்று கணினியின் துணைகொண்டு மீண்டும் அச்சுக்கோக்கப்பட்டு வருகின்றன. ஈயவெழுத்தும் செப்புத்தகடும் செய்த தொழிலை இப்பொழுது மென்பொருள் செய்கின்றது. இது பெரிதும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் எவ்வாறு செய்யப்படல் வேண்டும் என்பதிலே கருத்து வேறுபாடு உண்டு. எமது துணிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பழைய குறி பழைய குறியாகவே கணினியில் ஏற்றப்படல் வேண்டும். பதிப்பாசிரியர் சேர்த்தன அவருடைய சேர்ப்பெனத் தெளிவாகத் தோன்றுதல் வேண்டும். அவ்வாறு ஆக்கிய கோப்பு, ஒரு கம்பனியின் தயவின்றி எவரும் திறந்து வாசிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

இந்துக் கல்லூரி ஒன்றின் விழா மலரிலே மேனாட்டுப் பழைய இசைக்கு இடம் யாது என வினவுவார் உளராகலாம். ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுப் புத்தகத்துக்கு நூல்களை ஏற்றிய பெரியோர் பிறந்த மண் நமது. ஒரு காலத்து எழுத்தை மற்றொரு காலத்துப் பொறிக்கு மாற்றும்போது எது நிலைக்கும், எது தவறும் என்பதை நம்மைப் போல் அனுபவித்து அறிந்தவர் சிலரே. ஆதலின் இவ்வினா நமக்கு அயலானதன்று.

முதலிற் பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். சுவிற்சர்லாந்தின் சங்க்ட் காலென் மடத்திலே பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வழிபாட்டுப் பாட்டுச் சுவடிகள் இன்றும் உள்ளன. அவற்றிலே கோடுகள் இல்லை. இலத்தீன் சொற்களின் மேலே, புள்ளியும் வளைவும் கொக்கியுமாய்ச் சில நுண்ணிய கீற்றுகள் மாத்திரம் காணப்படும். இவற்றை நியூம் என்பர். குரல் ஏறுகின்றதா இறங்குகின்றதா, எவ்விடத்தில் தயங்குகின்றது, எவ்விடத்தில் விரைகின்றது என்பனவற்றை அவை உணர்த்தும். சுரம் இன்னது எனத் திட்டமாகக் கூறா. பாட்டை முன்னரே ஆசிரியர் வாயிலாகக் கற்றவனுக்கு நினைவூட்டுவனவே அக்குறிகள். பதினோராம் நூற்றாண்டிலே அரெசோ நகரத்துக் கீதோ என்னும் துறவி கோடுகளை வகுத்து அவற்றின் மேலும் இடையிலும் குறிகளை இடும் முறையை நிலைநாட்டினார். அதனாலே, கேளாத பாட்டையும் கண்டு பாடல் இயல்வதாயிற்று. சுரத்தின் உயரம் திட்டமாயிற்று. ஆனால் பழைய கீற்றுகள் காட்டிய தயக்கமும் விரைவும் படிப்படியாக எழுத்திலிருந்து நழுவின. ஒன்றைப் பெறும்பொழுது மற்றொன்றை இழத்தல் எழுத்தின் வரலாற்றிலே இடையறாது நிகழ்வது.

அடுத்துக் கால அளவைக் குறிக்கும் முறை எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கொலோன் நகரத்துப் பிராங்கோ என்பார் அதற்கு இலக்கணம் வகுத்தார். நெடியது என்னும் பொருளுடைய லோங்கா, குறியது என்னும் பொருளுடைய பிரெவிஸ், அதனினும் சிறிய செமிபிரெவிஸ் என்பன அக்குறிகளின் பெயர்கள். குறியது எனப் பெயர்பெற்ற பிரெவிஸ், அதனினும் சிறிய குறிகள் பின்னாளில் அடுத்தடுத்துப் புகுந்தமையால், இன்றைய எழுத்திலே அரிதாகக் காணப்படும் மிக நெடிய குறியாகிவிட்டது.

இம்முறையின் உயிர்நிலை யாதெனின், குறியின் மதிப்பு அதன் வடிவினால் மாத்திரம் அமையாது, அது நிற்கும் இடத்தினாலும் அமையும் என்பதே. முழுவட்டத்தைத் தொடக்கத்திற் கொண்ட பாட்டிலே ஒரு பிரெவிஸ் மூன்று செமிபிரெவிஸுக்குச் சமம். ஆயின் அதனைத் தொடர்ந்து ஒரேயொரு செமிபிரெவிஸ் வருமாயின், அது தன்னில் ஒரு பங்கை இழந்து இரண்டாகக் குறையும். இரண்டு பிரெவிஸுகளுக்கு இடையே இரண்டு செமிபிரெவிஸுகள் நிற்பின், பின்னையது தன் அளவின் இருமடங்காய் நீளும். வடிவம் ஒன்றே, அளவு வேறு.

நன்னூல் கற்ற மாணவருக்கு இது வியப்பளிக்காது. ஐகாரம் தனித்து நிற்கையில் இரண்டு மாத்திரை பெறும். சொல்லின் முதலில் ஒன்றரையாகவும், இடையிலும் கடையிலும் ஒன்றாகவும் குறுகும். எழுத்து மாறுவதில்லை. வாசிப்பவன் இடம் நோக்கி அளவை அறிந்துகொள்கின்றான். ஐகாரக்குறுக்கத்துக்கென ஒரு புதிய எழுத்தை அச்சிட்டு நன்னூலைத் தேவையற்றதாக்குவோம் என ஒருவர் முற்பட்டால் நாம் யாது கூறுவோம்? அதுவே பழைய இசைக்குறியை அப்படியே பெயர்த்து இக்காலக் குறியாக்கிவிட்டு மூலத்தை மறப்பவருக்கும் நாம் கூறும் விடை.

பக்கத்தின் அமைப்பும் அக்காலத்தில் வேறு. பாடகர் யாவருடைய குரலையும் ஒன்றன்கீழ் ஒன்றாய் அடுக்கி, நெடுக்குக் கோடுகளால் தாளம் பிரித்துக் காட்டும் இன்றைய முறை அன்று பாடுவோர் கையில் இல்லை. பெரிய சுவடியின் விரித்த இரு பக்கங்களில், ஒவ்வொரு குரலும் தனித்தனி மூலையில் எழுதப்பட்டிருக்கும். அன்றேல் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம் இருக்கும். ஒவ்வொருவனும் தன் வரியை மாத்திரம் கண்டு, பிறர் குரலைக் காதினாற் கேட்டு இசைந்தான். பிரான்சிலே சாந்தியி நகரத்து நூதனசாலையிலுள்ள புகழ்பெற்ற சுவடியொன்றில், போத் கோர்தியே என்பாருடைய காதற்பாட்டு ஒன்று இதயத்தின் வடிவிலும், மற்றொன்று வட்டத்தின் வடிவிலும் எழுதப்பட்டுள்ளன. நமது சித்திரகவிகளைக் கண்டவர் அவற்றின் நயத்தை உடனே உணர்வர். பதினைந்தாம் நூற்றாண்டினரான ஓக்கெகெம் என்பார் இயற்றிய ‘மிசா புரோலாசியோனும்’ என்னும் இசைத்தொகுதியிலே, எழுதப்பட்ட ஒரே வரியை இருவர் இருவேறு கால அளவுக் குறிகளின்படி பாடுவர். அவ்வாறு இருவரி நான்கு குரலாகும். அதனை இக்காலக் குறியில் நான்கு வரிகளாக விரித்து எழுதினால் ஓசை கிட்டும். புலவனுடைய திறம் கண்ணுக்கு மறைந்துபோம்.

நிற்க, அச்சுப்பொறி வந்த கதையையும் நோக்குவோம். வெனிஸ் நகரத்திலே ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்பார், பல குரலிசையை அச்சிடும் தனியுரிமையை 1498ஆம் ஆண்டிலே அரசிடமிருந்து பெற்று, 1501ஆம் ஆண்டிலே ‘ஒதெக்காத்தோன்’ என்னும் தொகுதியை வெளியிட்டார். அசையும் அச்செழுத்தினால் அச்சிடப்பட்ட பல குரலிசைத் தொகுதிகளுள் அதுவே முதலாவது. நூறு பாட்டு எனப் பெயர் சொல்லினும் அதிலுள்ளவை தொண்ணூற்றாறு. கோடுகளை ஒரு முறையும், குறிகளை ஒரு முறையும், சொற்களை ஒரு முறையுமாக ஒரே தாளை மீண்டும் மீண்டும் பொறியிலிட்டு அவர் அச்சிட்டார். ஒரு மயிரிழை பிசகினும் சுரம் மாறிவிடும். அவருடைய பக்கங்களோ இன்று காண்போரும் வியக்குமாறு பிசகின்றி உள்ளன.

ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து, 1528ஆம் ஆண்டளவில், பாரிஸ் நகரத்திலே பியர் அத்தேஞ்ஞான் என்பார் குறியும் கோட்டின் சிறு துண்டும் ஒன்றாய் வார்க்கப்பட்ட அச்சுக்களைக் கையாண்டு ஒரே அழுத்தத்திற் பக்கத்தை முடித்தார். செலவு குறைந்தது, இசைநூல் பலர் கைக்கு எட்டியது. ஆனால் துண்டுகள் பொருந்துமிடந்தோறும் கோடு முறிந்து தோன்றியது. மலிவுக்காக அழகிலே ஒரு பகுதி விலையாகக் கொடுக்கப்பட்டது. இவ்விருவருள் ஒருவரையும் நாம் பழிக்கவில்லை. ஒவ்வொரு புதிய பொறியும் குறியைத் தன் வசதியின் பக்கம் இழுக்கும் என்பதையே ஈண்டுச் சுட்டுகின்றோம். பொறியை அறிந்து அதனை வழிக்குக் கொணர்பவன் தொழிலாளி. பொறி இழுத்த வழியே போகின்றவன் அதன் ஏவலாள்.

இவ்விழுப்பை எதிர்த்து நின்றவருள் பிரான்சிலே சொலேம் மடத்துத் துறவிகள் தலையாயவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவர்கள் பழைய வழிபாட்டுப் பாட்டுகளைச் சுவடிகளை ஒப்புநோக்கி மீட்டனர். தொம் பொத்தியே அவர்களின் பதிப்பு 1883ஆம் ஆண்டிலே வெளிவந்தபொழுது, அதற்கெனவே பழைய சதுரக் குறிகளைப் பின்பற்றிப் புதிய அச்சுக்கள் வெட்டப்பட்டன. தொம் மொக்கெரோ அவர்கள் 1889ஆம் ஆண்டு தொடக்கம் மூலச்சுவடிகளையே ஒளிப்படமாக வெளியிடலாயினர். எமது பதிப்பை நம்புங்கள் என்று கூறி அமையாது, எமது ஆதாரத்தையும் பாருங்கள் என்று காட்டிய அந்நேர்மை போற்றத்தக்கது. 1979ஆம் ஆண்டிலே ‘கிராதுவாலே திரிப்பிளெக்ஸ்’ வெளிவந்தது. அதில் சதுரக் குறிகளின் மேலே லாவோன் நகரச் சுவடியின் நியூம்கள் கறுப்பிலும், கீழே சங்க்ட் காலென் நியூம்கள் சிவப்பிலும் கையாலே எழுதிச் சேர்க்கப்பட்டன. கோடு வகுத்தபோது நழுவிய தயக்கமும் விரைவும் தொள்ளாயிரம் ஆண்டுகளின் பின்னர்ப் பாடகர் கண்முன் மீண்டும் வந்தன. அவற்றைச் சேர்ப்பதற்கு அன்றும் அச்சு உதவவில்லை, கையே உதவியது.

இனிக் கணினிக்கு வருவோம். பெருவழக்கிலுள்ள இசையச்சு மென்பொருள்கள் யாவும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் குறிமுறையை உள்ளத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. இசை என்றால் தாளக்கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் குறிகளின் கூட்டுத்தொகை சரியாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவு உண்டு. இவை அப்பொறிகளின் அடிப்படை நம்பிக்கைகள். பழைய இசை இம்மூன்றையும் அறியாது. எனவே அச்சுக்கோப்பவர் தந்திரங்களை நாடுகின்றார். நெடுக்குக்கோடுகளை மறைக்கின்றார், இல்லாத தாள அளவொன்றைக் கொடுத்து அதன் குறியையும் மறைக்கின்றார், வட்டத்தலைக் குறியின்மேல் சாய்சதுரத் தலையொன்றை ஒட்டுகின்றார், இணைப்புக் குறிகளைப் படமாக வரைந்து செருகுகின்றார். இறுதியிலே தாளில் விழுவது பெத்ரூச்சியின் பக்கத்தை ஒத்திருக்கலாம். ஆனால் கோப்பின் உள்ளே இருப்பது பொய். அடுத்த தலைமுறையிலே அதனைத் திறந்து ஆராய்பவர், மூலத்தில் யாது இருந்தது, கோப்பவர் யாது புனைந்தார் என்று வேறுபிரித்து அறியமாட்டார்.

இதற்கு மாறாக, பொருளறிந்து ஆக்கப்பட்ட கருவிகளும் உள்ளன. வழிபாட்டுப் பாட்டின் சதுரக் குறிகளுக்கெனக் ‘கிரிகோரியோ’ என்னும் இலவச மென்பொருள் ஆக்கப்பட்டுள்ளது. அதிலே பாட்டின் ஒவ்வோர் அசையையும் தட்டச்சு செய்து, அதன் பின்னே அடைப்புக்குறிக்குள், குறி எந்தக் கோட்டில் அல்லது எந்த இடைவெளியில் நிற்கின்றது என்பதை உரோமன் எழுத்தொன்றினாற் குறித்தல் போதும். சாய்ந்த சதுரம் வேண்டுமாயின் அதனையே பெரிய எழுத்தாக இடுவர். நடுங்கும் சுரம் வேண்டுமாயின் இன்னுமோர் எழுத்தைச் சேர்ப்பர். எழுதுவது சொல்லும் எழுத்துமே. பக்கமாக அமைத்துத் தருவது பொறி. 1996ஆம் ஆண்டிலே நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் தொடங்கிய ‘லிலிபொன்ட்’ என்னும் இலவச மென்பொருளும் அத்தகைய வெற்றெழுத்து முறையினதே. அதிலே பெத்ரூச்சியின் அச்சை ஒத்த குறிகளும் இணைப்புக் குறிகளும் உள்ளன. ஆயினும் ஒவ்வொரு குறியின் கால அளவையும் கோப்பவரே முடிவுசெய்து எழுதுதல் வேண்டும் என்பது அதன் குறை.

இக்குறையைத் தீர்க்க வழி காட்டுவது ‘எம்.ஈ.ஐ.’ எனப்படும் பொதுக் குறிப்பு முறை. நூலகத்தவரும் இசை ஆராய்ச்சியாளரும் சேர்ந்து வளர்த்த அதிலே, நியூம்களுக்கும் கால அளவுக் குறிகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள. சுவடியில் ஒரு பிரெவிஸ் உள்ளது என்று ஓரிடத்தில் எழுதலாம். இது இங்கே இரண்டாகக் குறைந்து நிற்கின்றது என்பது எமது கருத்து என்று மற்றோரிடத்தில் எழுதலாம். கண்டதும் கருதியதும் கலவாமல் நிற்கும். எழுத்துருத் துறையிலும் வழி திறந்துள்ளது. 2001ஆம் ஆண்டிலே ஒருங்குறித் தொகுதியில் இசைக்குறிகள் இடம்பெற்றபொழுது, பழைய சதுரக் குறிகளும் கால அளவுக் குறிகளும் அவற்றுள் அடங்கின.

பதிப்பாசிரியர் தம் சேர்ப்பைத் தனியே காட்டல் வேண்டும் என்றோம். பழைய பாடகர் அரைச்சுரம் ஏற்றவும் இறக்கவும் வேண்டிய இடங்களை இலக்கணத்தாலும் பழக்கத்தாலும் அறிந்திருந்தனர். ஆதலாற் பல இடங்களில் அதற்குக் குறி எழுதவில்லை. இன்று பதிப்பிப்பவர் அதனை ஊகித்துச் சேர்த்தே ஆகவேண்டும். நல்ல பதிப்பிலே அச்சேர்ப்பு குறியின் முன்னே வாராது, கோட்டுக்கு மேலே சிறிதாக நிற்கும். மூலம் கீழே, ஊகம் மேலே.

நமது ஏடுகளின் நிலையும் இதுவே. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இராது; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவால் வேறுபடா. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது, ஒவ்வொரு சொல்லுக்கும் புள்ளி எங்கே என்று முடிவுசெய்யாமல் ஒரு வரியும் அச்சேறியிராது. அம்முடிவுகளைத் தாங்கும் புலமை அவர்களிடத்து இருந்தது. பிற்காலத்தார் ஏட்டை மீண்டும் நோக்கிப் பாடவேறுபாடு காணவும் இயன்றது. ஏனெனில் ஏடுகள் சில எஞ்சியிருந்தன. எஞ்சாதவிடத்து அச்சிட்டதே மூலமாகிவிடும். ஆதலின் பதிப்பாசிரியர் தம் கையடையாளத்தை மறைக்காதிருத்தல் பின்வருவோர்க்குச் செய்யும் கடமையாகும்.

மூன்றாவதாகக் கோப்பின் ஆயுளைப் பற்றிக் கூறினோம். 1988ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் இசையச்சுத் தொழிலில் முன்னணியில் நின்ற ‘பினாலே’ என்னும் மென்பொருளை, 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அதன் கம்பனி கைவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதிலே உழைத்தவர்கள் தம் கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றிக்கொள்ள விரையவேண்டியதாயிற்று. மாற்றுதற்குரிய பொது வடிவோ, பதினேழாம் நூற்றாண்டு தொடக்கம் வழங்கும் பொதுக் குறிமுறையை நோக்கி அமைந்தது. ஆகவே இக்கால இசை எழுதியவர் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். மறைத்தும் ஒட்டியும் வரைந்தும் பழைய குறியை ஆக்கியவர்களுக்கு எஞ்சுவது, தாளில் எடுத்த படியும் படக்கோப்புமே.

இத்துன்பம் நமக்குப் புதிதா? பாமினி முதலிய எழுத்துருக்களிலே நம்மவர் ஆண்டுக்கணக்காக அமைத்த தமிழ்க் கோப்புகளை நினைவுகூர்க. அவ்வெழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டம். கோப்பிலே உண்மையில் இருந்தது தமிழன்று. தமிழ்போலத் தோன்றச் செய்யும் உபாயமே. ஒருங்குறி வந்து அந்நிலையை மாற்றியது. தோற்றத்தை மாத்திரம் சேமிப்பது சேமிப்பாகாது என்னும் இப்பாடத்தை நாம் விலைகொடுத்துக் கற்றோம். இசைக்குறிக்கும் அதுவே பாடம்.

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம். சுவடிகளை ஒளிப்படமாக எடுத்து வைத்துவிட்டால் அச்சுக்கோப்பு எதற்கு என்பர் ஒரு சாரார். 1998ஆம் ஆண்டு தொடக்கம் ‘டயம்’ என்னும் நிலையம் ஐரோப்பிய இடைக்காலச் சுவடிகளை நுண்ணிய படங்களாக்கி வருகின்றது; அதன் தொண்டு அளவிடற்கரியது. ஆயினும் படத்திலே ஒரு சுரவரிசையைத் தேட முடியாது. இரு சுவடிகளின் வேறுபாட்டைப் பொறி காட்டாது. கறைபட்ட பக்கத்தைப் பாடகர் குழாம் வாசிக்க இயலாது. படம் சான்று, அச்சுக்கோப்பு அச்சான்றை வாசித்தவர் தரும் வாசகம். இரண்டும் வேண்டும்.

பழைய குறியை இக்காலப் பாடகர் வாசிக்கமாட்டார். ஆதலால் புதிய குறியே போதும் என்பர் மற்றொரு சாரார். இவ்வாதத்தில் உண்மை உண்டு. மாலையிலே ஒத்திகைக்கு வரும் பாடகர் குழுவிடம் பிராங்கோவின் இலக்கணத்தைக் கற்றுவாருங்கள் என்றல் கொடுமை. அவர்களுக்கு இக்காலக் குறியிற் பெயர்த்த படியே உகந்தது. நீண்ட குறிகளைப் பாதியாக்கி எழுதுதலும், வரியின் தொடக்கத்திலே மூலக் குறியைச் சிறு மாதிரியாகக் காட்டுதலும், இணைப்புக் குறி இருந்த இடத்தை மேற்கோட்டால் உணர்த்துதலும் பதிப்புத்துறையில் நிலைபெற்ற நல்வழக்கங்கள். நாம் மறுப்பது பெயர்ப்பையன்று. பெயர்ப்பு மூலத்தின் ஆசனத்தில் அமர்வதையே. ஈயவெழுத்துக் காலத்திலே இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. இரண்டையும் கோத்தால் கூலி இருமடங்கு. கணினிக்கு அக்கட்டாயம் இல்லை. குறியைக் குறியாகவும் கருத்தைக் கருத்தாகவும் ஏற்றிய ஒரே கோப்பிலிருந்து, அறிஞனுக்குப் பழைய வடிவையும் பாடகனுக்குப் புதிய வடிவையும் பெறலாம். மூலத்திலிருந்து பெயர்ப்பை எப்பொழுதும் ஆக்கலாம்; பெயர்ப்பிலிருந்து மூலத்தை மீட்டல் ஆகாது.

இது பெருஞ்செலவும் பெருங்கூட்டமும் வேண்டும் காரியம் என அஞ்சுவாரும் உளர். மேற்கூறிய கருவிகள் விலையின்றிக் கிடைப்பன. 1998ஆம் ஆண்டிலே தொடங்கிய பொதுவுடைமைப் பாடற்குழு நூலகமொன்று, பெரும்பாலும் தொண்டர்கள் தாமாகவே அச்சுக்கோத்த பல்லாயிரம் பாடல்களை உலகுக்கு வழங்கி வருகின்றது. அங்கே எல்லாப் படிகளும் ஒரே தரத்தன அல்ல என்பது உண்மை. ஆனால் தரம் பணத்தால் வருவதன்று. குறியின் பொருளைக் கற்பதால் வருவது.

நமது இசைக்கும் இதனால் ஒரு படிப்பினை உண்டு. 1904ஆம் ஆண்டிலே எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் அவர்கள் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்கெனத் தனிக் குறிகளை வகுத்துச் சுரங்களின் மேலே இட்டு அச்சிடப்பட்ட பெருநூல். அச்சுக்கூடத்தில் அக்குறிகள் இல்லையே என்று அவர்கள் அவற்றைக் கைவிட்டிருந்தால், சுரம் எஞ்சியிருக்கும். அச்சுரம் அசைந்த விதம் நமக்கு எட்டியிராது. இன்று அத்தகைய நூலைக் கணினியில் ஏற்றுபவர், எழுத்துருவில் அக்குறி இல்லை என்று வெறுஞ்சுரத்தை மாத்திரம் தட்டச்சு செய்து அமைவாராயின், தீட்சிதரின் உழைப்பில் ஒரு பாதியை ஒரு மாலைப்பொழுதில் அழித்தவராவர். ஐரோப்பியர் தம் நியூம்களுக்குச் செய்ததை நாமும் நம் குறிகளுக்குச் செய்தல் வேண்டும்.

கல்லூரியிலே இன்று கணிதமும் கணினியும் கற்கும் மாணவர் பலர் உளர்; தமிழிலக்கணமும் சங்கீதமும் கற்பவரும் உளர். இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமர்வது அரிது. இத்தொழிலோ இருவரையும் வேண்டுவது. குறியின் இலக்கணம் அறியாத கணினி வல்லார் அழகிய பொய்யை அச்சிடுவர். கணினி அறியாத இசைப்புலவர் தம் அறிவைத் தம்மோடு கொண்டுசெல்வர். இருவரும் கூடிய இடத்திலே தான் கிரிகோரியோ போன்ற கருவி பிறக்கும். ஆசிரியர்கள் இதனை மனங்கொண்டு, இரு துறை மாணவரையும் ஒரு சிறு பணியிலேனும் இணைத்து வைப்பாராயின் நன்று. ஓர் ஏட்டின் ஒரு பக்கம், ஒரு பழைய கீர்த்தனை நூலின் ஒரு தாள், அதுவே போதும் தொடக்கத்துக்கு.

அச்சுக்கோப்பு கீழ்த்தொழில் அன்று. வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் அவர்கள் அச்சுக்கூடம் நிறுவியபோது, எழுத்தைப் பிழையின்றிக் கோத்தல் அறிவுப்பணி என்பதை இந்நாடு கண்டது. அவர்கள் காலத்து ஈயவெழுத்து இன்று இல்லை. ஒரு காலத்தார் எழுதியதை அவர் எழுதியவாறே அடுத்த காலத்தார் கையில் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் கடன் மாத்திரம் மாறாது நிற்கின்றது. பொறி எதுவாயினும் ஆகுக, அக்கடன் தவறாதிருப்பதாக.